உலகச் செஸ் பட்டம் யாருடையது?

உலகச் செஸ் சாம்பியன் எமானுவேல் லாஸ்கர் 1897 ஜனவரியில், மாஸ்கோவில், முந்தைய சாம்பியன் ஸ்டைனிட்ஸை இரண்டாவது முறையாகத் தோற்கடித்தார். உலகச் சாம்பியன் பட்டத்தைப் பணயம் வைத்து அவர் அடுத்து ஆடியது 1907-ல். நடுவில் பத்து வருடம் ஓடிவிட்டது. அந்தக் காலத்தில் லாஸ்கர் செஸ்ஸை விட்டுவிடவில்லை. பெரிய போட்டிகளில் ஆடினார், ஜெயித்தார், கணிதத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார். பட்டத்துக்காக மட்டும் யாருடனும் உட்காரவில்லை. அவரைக் கட்டாயப்படுத்த யாராலும் முடியவில்லை. பட்டம் அவருடைய சொத்து. அதை எப்போது, யாரோடு, எவ்வளவு பணத்துக்குப் பணயம் வைப்பது என்பது அவர் இஷ்டம்.

இந்தப் பட்டத்தின் வரலாற்றை யார் யாரை ஜெயித்தார்கள் என்ற பட்டியலாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பட்டம் யார் கையில் இருந்தது என்பது. ஆடுகிறவர் கையிலா, பணம் போடுகிறவர் கையிலா, ஃபிடே எனப்படும் சர்வதேச செஸ் சம்மேளனத்தின் கையிலா? 1886-லிருந்து நடந்த பெரிய சண்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து முட்டி நிற்கின்றன.

தொடக்கமே ஓர் ஒப்பந்தம்தான். வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸும் யோஹன்னஸ் சுகர்டார்ட்டும் 1886 ஜனவரியில் நியூயார்க்கில் ஆட உட்கார்ந்தபோது, இது உலகச் சாம்பியன் பட்டத்துக்கான போட்டி என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள். அப்படி எழுதச் சொல்லவோ, எழுதக் கூடாது என்று தடுக்கவோ ஓர் அமைப்பும் அன்று இல்லை. ஆளுக்கு 2,000 டாலர் பந்தயம். முதலில் 10 ஆட்டம் ஜெயிப்பவருக்குப் பட்டம், டிராவுக்குக் கணக்கில்லை. நியூயார்க்கில் நடந்த முதல் ஐந்து ஆட்டங்களில் சுகர்டார்ட் 4-1 என்று முன்னால் போய்விட்டார். அப்புறம் போட்டி செயின்ட் லூயிஸுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் நகர்ந்தது. ஸ்டைனிட்ஸ் 10 வெற்றி, 5 தோல்வி, 5 டிரா என்று முடித்தார். நியூ ஆர்லியன்ஸ், பால் மார்ஃபியின் ஊர். 1858-ல் பாரிஸில் அன்றைய முன்னணி ஆட்டக்காரர் ஆண்டர்சனை வீழ்த்திவிட்டு, சீக்கிரமே செஸ்ஸை விட்டு ஒதுங்கிப் போன மேதை அவர். அவர் 1884-ல் இறந்து இரண்டு வருடம்கூட முடியாத நிலையில், அவருடைய ஊரிலேயே வேறொருவர் முதல் அதிகாரபூர்வ சாம்பியன் ஆனார். ஸ்டைனிட்ஸின் மனக்கணக்கு மட்டும் வேறு. 1866-ல் லண்டனில் ஆண்டர்சனை 8-6 என்று தோற்கடித்த நாளிலிருந்தே தானே முதல்வன் என்று அவர் கருதினார்.

ஸ்டைனிட்ஸைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லியாக வேண்டும். சொத்தாக வைத்திருந்தாலும் அவர் பட்டத்தைப் பூட்டி வைக்கவில்லை. ஹவானாவில் சிகோரினோடு இரண்டு முறை, நியூயார்க்கில் குன்ஸ்பெர்க்கோடு ஒரு முறை, கடைசியில் 1894-ல் தன்னைவிட முப்பது வயதுக்கு மேல் இளையவரான லாஸ்கரோடு என்று தொடர்ந்து ஆடினார். லாஸ்கரிடம் பட்டம் போனது. 1900-ல் நியூயார்க்கில் ஸ்டைனிட்ஸ், கையில் காசில்லாமல், மனநிலை குலைந்து இறந்தார்.

அந்த முடிவை லாஸ்கர் பார்த்தார். சாம்பியனுக்குரிய பணம் சாம்பியனுக்கு வர வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அவரைப் பேராசைக்காரர் என்று எழுதியவர்கள் அன்றே இருந்தார்கள். ஆனால் ஓய்வூதியம் இல்லாத, சம்பளம் இல்லாத தொழிலில், தன் பெயரைத் தவிர விற்க எதுவும் இல்லாத ஒருவர் விலை பேசாமல் வேறு என்ன செய்வார்? எனக்கு அவர்மேல் குறை சொல்லத் தோன்றுவது பண விஷயத்தில் இல்லை, விதிகள் விஷயத்தில். 1911-ல் கியூபாவின் இளைஞர் கபாபிளாங்கா சவால் விட்டபோது, லாஸ்கர் நீண்ட நிபந்தனைப் பட்டியல் ஒன்றை அனுப்பினார். அதில் ஒன்று: வித்தியாசம் ஒரே ஒரு ஆட்டம் என்றால் போட்டி சமன், பட்டம் தன்னிடமே இருக்கும். அதாவது சவால் விடுபவர் குறைந்தது இரண்டு ஆட்டம் கூடுதலாக ஜெயிக்க வேண்டும். இது நியாயமில்லை என்று கபாபிளாங்கா எழுதினார். லாஸ்கர் அந்தச் சொல்லில் புண்பட்டுப் பேச்சையே முறித்துக்கொண்டார். இந்த இரண்டு ஆட்டக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 64 வருடம் கழித்து வேறொருவர் வாயிலிருந்து மறுபடி வரும்.

அதற்கு முந்தைய வருடம், 1910-ல், வியன்னாவிலும் பெர்லினிலும் கார்ல் ஷ்லெக்டரோடு லாஸ்கர் வெறும் 10 ஆட்டப் போட்டி ஒன்று ஆடினார். ஒரு புள்ளி முன்னிலையோடு கடைசி ஆட்டத்துக்கு வந்த ஷ்லெக்டர், டிராவைத் தேடாமல் ஆடித் தோற்றார். 5-5, பட்டம் லாஸ்கரிடமே. ஷ்லெக்டர் ஏன் அப்படி ஆடினார் என்று நூறு வருடம் தாண்டியும் வாதம் நடக்கிறது. விதிகளைத் தெளிவாக எழுதி எல்லோருக்கும் பொதுவில் வைக்க ஓர் அமைப்பு இருந்திருந்தால் இந்த வாதத்துக்கே பாதி இடம் இருந்திருக்காது.

லாஸ்கரோடு பட்டத்துக்கு ஆட இருந்த ரூபின்ஸ்டைனின் வாய்ப்பை முதல் உலகப் போர் விழுங்கியது. 1921-ல் ஹவானாவில் கபாபிளாங்கா ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல், 4 வெற்றி, 10 டிராவோடு லாஸ்கரை வென்றார். 27 வருட ஆட்சி முடிந்தது. புதிய சாம்பியன் அடுத்த வருடமே லண்டனில் மற்ற முன்னணி ஆட்டக்காரர்களைக் கையெழுத்துப் போட வைத்து ஒரு விதித் தொகுப்பைக் கொண்டுவந்தார். சவால் வந்தால் சாம்பியன் ஒரு வருடத்துக்குள் ஆட வேண்டும் என்பது அதிலிருந்த நல்ல விஷயம். சவால் விடுபவர் 10,000 டாலர் பரிசுப் பணத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அதிலிருந்த தடை. நிம்சோவிச் சவால் விட்டார், பணம் புரளவில்லை. அலெகைனுக்கு அர்ஜென்டினாவில் பணம் கிடைத்தது. 1927-ல் பியூனஸ் அயர்ஸில் 34 ஆட்டங்கள், அவற்றில் 25 டிரா. 6-3 என்று அலெகைன் ஜெயித்தார்.

அதன்பின் நடந்ததுதான் செஸ் வரலாற்றிலேயே எனக்கு ஆறாத விஷயங்களில் ஒன்று. கபாபிளாங்காவுக்கு மறுபோட்டி கிடைக்கவே இல்லை. நீங்கள் எழுதிய விதி, நீங்களே 10,000 டாலர் கொண்டு வாருங்கள் என்பது அலெகைனின் நிலை. 1929-ல் பொருளாதாரம் சரிந்தபின் அந்தப் பணத்தைத் திரட்டுவது நடக்காத காரியம். அலெகைன் பொகோல்யுபோவோடு இரண்டு முறை ஆடினார். கபாபிளாங்காவோடு ஒரே போட்டித் தொடரில்கூட 1936-ல் நாட்டிங்ஹாம் வரை இருவரும் சேர்ந்து ஆடவில்லை. அன்றைய உலகின் மிகச் சிறந்த இரண்டு பேர் ஒன்பது வருடம் எதிரெதிரே உட்காராமல் போனதற்கு, பட்டம் தனிச் சொத்தாக இருந்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இடையில் மாக்ஸ் யூவே வந்தார். ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். 1935-ல் அலெகைனை ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்று, ஒப்பந்தத்தில் சொன்னபடி 1937-ல் மறுபோட்டி கொடுத்து, தோற்று, பட்டத்தைத் திருப்பித் தந்தார். தப்பிக்க வழி தேடவில்லை.

1946 மார்ச்சில் போர்ச்சுகலின் எஸ்டோரிலில் ஒரு ஹோட்டல் அறையில் அலெகைன் இறந்து கிடந்தார். சோவியத்தின் பாட்வின்னிக்கோடு ஆடுவதற்கான பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. சாம்பியன் சாம்பியனாகவே இறந்துவிட்டார். இனி யாரைத் தோற்கடித்துப் பட்டம் வாங்குவது?

1924-ல் பாரிஸில் தொடங்கப்பட்ட ஃபிடேவுக்கு அதுவரை இந்தப் பட்டத்தின்மேல் பிடியே இல்லை. பெண்கள் பட்டம் அப்படி இல்லை, அது 1927-ல் லண்டனில் பிறந்தபோதே ஃபிடேவுடையது. வேரா மென்சிக் அதை வென்று, 1944-ல் ஜெர்மன் பறக்கும் குண்டு லண்டனில் அவர் வீட்டின்மேல் விழுந்து சாகும்வரை வைத்திருந்தார். ஆண்டுகள் பல ஃபிடேயின் விதிப்படி மற்றவர்களோடு சமமாக ஆடித்தான் அவர் பட்டத்தைக் காத்தார். ஆண்கள் பட்டத்தில் அந்த ஒழுங்கு வர ஒரு மரணம் தேவைப்பட்டது.

1947-ல் சோவியத் யூனியன் ஃபிடேவில் சேர்ந்தது. 1948-ல் ஹேக்கில் தொடங்கி மாஸ்கோவில் முடிந்த ஐவர் போட்டியில் ஒவ்வொருவரும் மற்ற நால்வரோடும் ஐந்து முறை ஆடினார்கள். பாட்வின்னிக் 20-க்கு 14, ஸ்மைஸ்லோவ் 11, கெரஸும் ரெஷெவ்ஸ்கியும் 10½, யூவே 4. ஆறாவதாக அழைக்கப்பட்ட ரூபன் ஃபைன் வரவில்லை. பாட்வின்னிக் முந்தைய சாம்பியனைத் தோற்கடிக்காமல் சாம்பியன் ஆனார். கூடவே மூன்று வருடச் சுற்று பிறந்தது: மண்டலப் போட்டிகள், அவற்றில் தேறியவர்களுக்கான இன்டர்ஜோனல், சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ், அப்புறம் சாம்பியனோடு 24 ஆட்டம். பணம் திரட்ட வேண்டியதில்லை, சாம்பியனின் தயவு வேண்டியதில்லை. பலகையில் ஜெயித்து வா, சாம்பியன் உன்னோடு ஆடித்தான் ஆக வேண்டும். ரூபின்ஸ்டைனுக்கும் நிம்சோவிச்சுக்கும் கிடைக்காத கதவு இப்போது திறந்தது. என் கணக்கில் இந்தப் பட்டத்துக்கு நடந்த மிகப் பெரிய நன்மை இதுதான்.

குறைகள் இருந்தன. சமன் என்றால் பட்டம் சாம்பியனுக்கே. 1951-ல் பிரான்ஸ்டீனோடும் 1954-ல் ஸ்மைஸ்லோவோடும் 12-12 என்று முடித்தே பாட்வின்னிக் பட்டத்தைக் காத்தார். பிரான்ஸ்டீன் இரண்டே ஆட்டம் மிச்சமிருக்க ஒரு புள்ளி முன்னால் இருந்தார், 23-வது ஆட்டத்தைத் தோற்றார். தோற்ற சாம்பியனுக்கு மறுபோட்டி உரிமை என்று ஒரு விதி வந்தது. அதை வைத்து 1958-ல் ஸ்மைஸ்லோவிடமிருந்தும் 1961-ல் மிகாயில் தாலிடமிருந்தும் பாட்வின்னிக் பட்டத்தை மீட்டார். 1963-ல் பெட்ரோசியனிடம் தோற்றபோது அந்த விதியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

1962-ல் குராசோ தீவில் நடந்த கேண்டிடேட்ஸில் பெட்ரோசியன், கெரஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் டிரா. பாபி ஃபிஷருக்கு வயது 19. சோவியத்காரர்கள் கூட்டுச் சேர்ந்து ஆடுகிறார்கள் என்று அமெரிக்க இதழ் ஒன்றில் வெளிப்படையாக எழுதினார். ஃபிடே அதைக் காதில் வாங்கியது, அடுத்த சுற்றிலிருந்து கேண்டிடேட்ஸ் நேருக்கு நேர் போட்டிகளாக மாறியது. அந்தப் புதிய வழியில்தான் 1971-ல் ஃபிஷர் தைமானோவை 6-0, லார்சனை 6-0, பெட்ரோசியனை 6½-2½ என்று நொறுக்கிக்கொண்டு வந்தார்.

உலகச் சாம்பியன் ஸ்பாஸ்கியோடு ஃபிஷர் ஆடிய 1972 ரெய்க்யவிக் போட்டி பற்றி எல்லோரும் அறிவார்கள் என்பதால் ஒன்றிரண்டு விஷயம் மட்டும். ஃபிஷர் நேரத்துக்கு வரவில்லை. பிரிட்டிஷ் நிதியாளர் ஜிம் ஸ்லேட்டர் தன் பணத்தைப் போட்டுப் பரிசை இரட்டிப்பாக்கியபின் வந்தார். முதல் ஆட்டம் தோல்வி, இரண்டாவதுக்கு வரவே இல்லை. 2-0 என்று முன்னால் இருந்த ஸ்பாஸ்கி அன்று மூட்டை கட்டிக் கிளம்பியிருந்தால் பட்டம் அவரிடமே இருந்திருக்கும். மாறாக, மூன்றாவது ஆட்டத்தைப் பார்வையாளர்கள் இல்லாத பின்னறையில் ஆட வேண்டும் என்ற ஃபிஷரின் கோரிக்கைக்கு அவர் சம்மதித்தார். அதுவரை ஃபிஷரிடம் தோற்றதே இல்லாதவர் அன்று முதன்முறை தோற்றார். கடைசிக் கணக்கு 12½-8½. ஸ்பாஸ்கியின் அந்தச் சம்மதம் ஃபிஷரின் மேதைமைக்கு எந்த வகையிலும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1975-ல் ஃபிஷர், கேண்டிடேட்ஸில் வென்று வந்த கார்போவோடு ஆட வேண்டும். அவர் கேட்டது: முதலில் 10 ஆட்டம் ஜெயிப்பவருக்குப் பட்டம், டிரா கணக்கில்லை, ஆட்டங்களுக்கு வரம்பில்லை, 9-9 என்று வந்தால் பட்டம் சாம்பியனுக்கே. 10 வெற்றி என்பது ஸ்டைனிட்ஸ் காலத்து முறை. 9-9 நிபந்தனை என்றால் என்ன? கார்போவ் 10-9 என்று ஜெயிக்கவே முடியாது, குறைந்தது 10-8 வேண்டும். லாஸ்கர் 1911-ல் கேட்ட அதே இரண்டு ஆட்டம். ஃபிடே 10 வெற்றியையும் வரம்பின்மையையும் ஒப்புக்கொண்டது, 9-9-ஐ மறுத்தது. ஃபிஷர் அசையவில்லை. 1975 ஏப்ரல் 3 அன்று கார்போவ் ஓர் ஆட்டமும் ஆடாமல் சாம்பியனாக அறிவிக்கப்பட்டார். அறிவித்த ஃபிடே தலைவர் யார் தெரியுமா? மாக்ஸ் யூவே. பட்டத்தைப் பணயம் வைத்து மறுபோட்டி கொடுத்துத் தோற்ற அதே கணக்கு வாத்தியார். பட்டம் இனி தனிமனிதர் சொத்தில்லை என்பதை அந்த ஒரு முடிவு உறுதியாகச் சொன்னது. ஃபிஷரை ஆட வைக்க யூவே முடிந்த அளவு வளைந்துகொடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஃபிஷர் மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. 1992-ல் யூகோஸ்லாவியாவில் ஸ்பாஸ்கியோடு ஆடிய போட்டியையும் உலகச் சாம்பியன் போட்டி என்றே அழைத்தார்.

அமைப்பிடம் அதிகாரம் போனால் அமைப்பும் தவறு செய்யும். 1984 செப்டம்பரில் மாஸ்கோவில் சாம்பியன் கார்போவும் சவாலுக்கு வந்த காஸ்பரோவும் ஆட உட்கார்ந்தார்கள். முதலில் 6 ஆட்டம் ஜெயிப்பவருக்குப் பட்டம். ஒன்பது ஆட்டத்தில் கார்போவ் 4-0. இருபத்தேழாவதில் 5-0. இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும். அது வரவில்லை. டிரா மேல் டிரா; மாதங்கள் போயின; முப்பத்திரண்டாவதில் காஸ்பரோவ் தன் முதல் ஆட்டத்தை ஜெயித்தார். ஜனவரி போய்ப் பிப்ரவரியும் வந்தது. கார்போவ் உடல் மெலிந்து தெரிந்தார். நாற்பத்தேழாவதும் நாற்பத்தெட்டாவதும் அடுத்தடுத்து காஸ்பரோவுக்கு. 5-3. 1985 பிப்ரவரி 15 அன்று ஃபிடே தலைவர் கம்போமேனஸ் பத்திரிகையாளர்களைக் கூட்டி, வெற்றி தோல்வி முடிவு இல்லாமலே போட்டி நிறுத்தப்படுகிறது, செப்டம்பரில் பூஜ்யத்திலிருந்து புதிதாக 24 ஆட்டம் என்று அறிவித்தார். ஆட்டக்காரர்களின் உடல்நலம்தான் காரணம் என்றார். உத்வேகம் யார் பக்கம் இருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்த நேரத்தில் வந்த அறிவிப்பு அது. காஸ்பரோவ் அதை மறக்கவில்லை. நவம்பரில் 13-11 என்று ஜெயித்து 22 வயதில் சாம்பியன் ஆனார். 1993-ல் நடந்த உடைப்புக்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் கணிப்பு.

1993-ல் சவாலுக்கு வந்தவர் இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட். போட்டியை மான்செஸ்டருக்குத் தருவதாகக் கம்போமேனஸ் முடிவு செய்தார். ஆடுகிற இருவரையும் கலந்து பேசவில்லை என்று ஷார்ட்டும் காஸ்பரோவும் ஃபிடேவை விட்டு வெளியேறித் தனி அமைப்பு தொடங்கி லண்டனில் ஆடினார்கள். ஃபிடே இருவரையும் நீக்கிவிட்டு, ஷார்ட்டிடம் தோற்றிருந்த கார்போவையும் டிம்மனையும் ஆட வைத்தது. 13 வருடம் உலகத்துக்கு இரண்டு சாம்பியன்கள். தன் வாழ்க்கையின் பெரிய தவறு அது என்று காஸ்பரோவே பின்னாளில் சொன்னார்.

இந்தப் பதின்மூன்று வருடத்தில் அதிகம் அடிபட்டவர்கள் யார் என்று பார்த்தால், அலெக்சி ஷிரோவ் பெயரை முதலில் சொல்வேன். 1998-ல் ஸ்பெயினின் கசோர்லாவில் ரஷ்யாவின் கிராம்னிக்கை 5½-3½ என்று வென்று காஸ்பரோவோடு ஆடும் உரிமையைப் பெற்றார். பணம் போட ஆள் கிடைக்கவில்லை என்று அந்தப் போட்டி நடக்கவே இல்லை. அடுத்து காஸ்பரோவோடு ஆட ஆனந்திடம் பேச்சு நடந்தது, கூடிவரவில்லை. கடைசியில் 2000-ல் லண்டனில் காஸ்பரோவுக்கு எதிரே உட்கார்ந்தவர் கிராம்னிக், ஷிரோவிடம் தோற்ற அதே கிராம்னிக். அவர் ஓர் ஆட்டமும் தோற்காமல் 8½-6½ என்று ஜெயித்தார். ஆட்டத்தில் குறையே இல்லை. பெர்லின் தற்காப்பு என்ற தொடக்க முறையை வைத்து காஸ்பரோவின் வெள்ளைக் காய்களைக் கட்டிப்போட்ட விதத்தை இன்றும் படிக்கிறார்கள். ஆனால் ஷிரோவுக்கு நடந்தது அநீதி. பணம் போடுபவர் கையில் பட்டம் இருந்தால் இதுதான் நடக்கும்.

ஆனந்தும் இரண்டு பக்கமும் அடி வாங்கினார். 1995-ல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107-வது மாடியில் காஸ்பரோவோடு ஆடி, முதல் எட்டு ஆட்டமும் டிரா, ஒன்பதாவதை ஜெயித்து, பிறகு சரிந்து 10½-7½ என்று தோற்றார். 1997 டிசம்பரில் ஹாலந்தின் குரோனிங்கனில் ஃபிடேவின் நாக்-அவுட் போட்டி. சுற்றுச் சுற்றாக ஆடி, கடைசிச் சுற்றில் ஆடம்ஸை, முதலில் ஜெயிப்பவருக்கே வெற்றி என்ற திடீர்ச்சாவு ஆட்டம்வரை போய் வென்று களைத்துப்போனவரை, புத்தாண்டு பிறந்த கையோடு லொசானில் கார்போவுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். கார்போவ் ஒரு சுற்றுகூட ஆடாமல் நேராக இறுதிப் போட்டிக்கு வந்து காத்திருந்தார். அந்த நிலையிலும் ஆறு ஆட்டம் 3-3. ரேபிட் எனப்படும் குறைந்த நேர ஆட்டத்தில்தான் ஆனந்த் தோற்றார். 2000-ல் டெஹ்ரானில் ஷிரோவை 3½-½ என்று வென்று ஃபிடே பட்டத்தை எடுத்தபோதும், காஸ்பரோவையும் கிராம்னிக்கையும் காட்டி இது முழுப் பட்டமில்லை என்றார்கள்.

2006-ல் ரஷ்யாவின் கல்மீகியாவில் உள்ள எலிஸ்டாவில் கிராம்னிக்கும் ஃபிடே சாம்பியன் டோபலோவும் ஆடி இரண்டு பட்டங்களும் ஒன்றாயின. கிராம்னிக் அடிக்கடி கழிவறைக்குப் போகிறார் என்று டோபலோவ் தரப்பு புகார் செய்ய, தனிக் கழிவறையைப் பூட்ட, அவர் ஐந்தாவது ஆட்டத்துக்கு வர மறுக்க, புள்ளி டோபலோவுக்குப் போனது. 6-6 ஆகி, ரேபிடில் கிராம்னிக் வென்றார்.

அடுத்த வருடம் மெக்சிகோ சிட்டியில் எட்டுப் பேர் ஆடிய போட்டியில் ஆனந்த் 14-க்கு 9 எடுத்துச் சாம்பியன் ஆனார். பட்டத்தை ஆனந்துக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறேன் என்கிற பாணியில் கிராம்னிக் பேசினார். 2008-ல் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கோடு ஆடிய போட்டியில் பதில் கிடைத்தது. மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களைக் கருப்புக் காயில் ஜெயித்து, ஆறாவதையும் ஜெயித்து, 6½-4½. நாக்-அவுட், எல்லோரோடும் ஆடும் தொடர், நேருக்கு நேர் போட்டி என்று மூன்று முறையிலும் உலகப் பட்டம் வென்றவர் ஆனந்த் ஒருவர்தான். 2010-ல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சோஃபியாவுக்கு ஏறக்குறைய 40 மணி நேரம் சாலை வழியே வந்தார். மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டார், ஒரு நாள் கிடைத்தது. முதல் ஆட்டம் தோல்வி. 5½-5½ என்ற நிலையில் கடைசி ஆட்டத்தில் கருப்புக் காயில் டோபலோவை வீழ்த்தினார், அதுவும் லாஸ்கர் பெயரால் அழைக்கப்படும் தற்காப்பை ஆடி.

2013 நவம்பரில் பட்டப் போட்டி சென்னைக்கு வந்தது. தமிழக அரசு செலவை ஏற்றது. சொந்த ஊரில் ஆனந்த் 3 ஆட்டம் தோற்று, ஒன்றும் ஜெயிக்காமல் நார்வேயின் மேக்னஸ் கார்ல்சனிடம் பட்டத்தைக் கொடுத்தார். ஆட்டம் நடந்த கண்ணாடி அறைக்கு வெளியே பார்வையாளர் வரிசையில் ஏழு வயது குகேஷும் இருந்தார்.

கார்ல்சன் ஐந்து முறை ஜெயித்தபின் 2022 ஜூலையில், இனி பட்டத்துக்காக ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். ஃபிஷரைப் போல நிபந்தனை வைத்து அவர் மோதவில்லை; ஆர்வம் இல்லை என்று சொல்லி விலகினார். 1975-ல் போலவே அமைப்பு அதற்காக நின்றுவிடவில்லை. 2023-ல் அஸ்தானாவில் கேண்டிடேட்ஸின் முதல் இரண்டு பேர், நெபோம்னியாச்சியும் டிங் லிரனும் ஆடினார்கள். 7-7, ரேபிடில் டிங்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். டிங்கும் குகேஷும் 6½-6½. பதினான்காவது, கடைசி ஆட்டம். டிங்குக்கு வெள்ளை. ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு இரண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று. சிப்பாய் கூடுதல் என்றாலும் சரியாக ஆடினால் டிராதான். அடுத்த நாள் டை-பிரேக் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். 55-வது நகர்வில் டிங் தன் யானையை குகேஷின் யானைக்கு எதிரே கொண்டுவந்து வைத்தார். யானைகள் வெட்டுப்படட்டும், டிரா நெருங்கும் என்ற எண்ணம். ஆனால் அவருடைய பிஷப் பலகையின் ஒரு மூலையில் இருந்தது. யானைகள் போனபின் குகேஷ் தன் பிஷப்பை அதே மூலைவிட்டத்தில் வைத்தால் பிஷப்புகளும் வெட்டுப்பட்டே தீர வேண்டும், ஒதுங்க இடமில்லை. அப்புறம் வெறும் ராஜாக்களும் சிப்பாய்களும். ஒரு சிப்பாய் கூடுதலாக உள்ளவருக்கு வெற்றி. குகேஷ் அதைப் பார்த்த கணத்தில் முகம் மாறியது, தண்ணீர் குடித்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று நகர்வில் டிங் கை கொடுத்தார். 18 வயதில் 18-வது சாம்பியன்.

கார்ல்சன் ஆடவில்லையே, இது எப்படி உலகப் பட்டம் என்று உடனே கேட்டார்கள். பட்டம் வென்றதால் நான்தான் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரன் என்று அர்த்தமில்லை, மேக்னஸ் இருக்கிறார் என்று குகேஷே அன்று சொன்னார். கேள்வி கேட்டவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். வழக்கமான பட்டியலில் உள்ள 18 பேரில், ஸ்டைனிட்ஸ், பாட்வின்னிக், கார்போவ், ஆனந்த், டிங் ஆகிய ஐவர் முந்தைய சாம்பியனை நேர் போட்டியில் வென்று பட்டத்துக்கு வரவில்லை. குகேஷ் அந்த ஐவரில் இல்லை. சாம்பியனைத் தோற்கடித்தே வந்தார். அதே பட்டியலில், ஃபிடேவின் முறையான போட்டிகளில் வென்ற காலிஃப்மன், பொனொமரியோவ், காசிம்ஜானோவ், டோபலோவ் நால்வருக்கும் இடமில்லை என்பது எனக்கு வருத்தம். விதிப்படி ஆடி ஜெயித்தவர்கள் அவர்கள். யார் மிகச் சிறந்தவர் என்பதை ரேட்டிங் சொல்லும். பட்டம் சொல்வது வேறு: யார் வேண்டுமானாலும் கீழிருந்து ஏறி வரக்கூடிய ஒரு பாதை இருந்தது, அதில் இவர் கடைசிவரை வந்தார், எதிரே இருந்தவர் தப்பிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. முதல் வரிசைக் காய்களைக் குலுக்கி வைத்து ஆடும் ஃப்ரீஸ்டைல் செஸ்ஸுக்காக, கார்ல்சனும் தொழிலதிபர் ஒருவரும் முன்னின்று 2025-ல் பெரும் பணத்தோடு ஒரு சுற்றுப்போட்டியைத் தொடங்கினார்கள். அதன் வெற்றியாளரை உலகச் சாம்பியன் என்று அழைக்க முற்பட்டபோது ஃபிடே தடுத்தது. ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனைவரை விஷயம் போனது. பிப்ரவரியில், அந்த ஆண்டு உலகச் சாம்பியன் என்ற பெயரைப் பயன்படுத்துவதை நிறுத்திவைக்க ஃப்ரீஸ்டைல் தரப்பு ஒப்புக்கொண்டது.